சிலந்திக் கடி

"எட்டுக்கால் பூச்சியைத் தேடணுமா? எங்க வீட்டுலயா?"

கதவைப் பாதி திறந்தபடி கேட்டவனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. வாசலில் கழுத்தில் பூதக்கண்ணாடியும் தோளில் பையுமாக ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி நின்றிருந்தார்.

"ஆமா சார். இந்த வட்டாரத்துல என்னென்ன சிலந்தி இருக்குன்னு ஆய்வு பண்றோம். வயல், குன்று, தோட்டமெல்லாம் முடிஞ்சுது. இப்ப வீடுங்க. கொஞ்ச நேரம்தான்."

"மனுஷனை எண்ணி முடிச்சாச்சு, அடுத்து பூச்சியா? எண்ணுங்க, எண்ணுங்க" என்று வழிவிட்டான்.

ஆய்வாளர் ஜன்னல் மூலை, கட்டிலடி என்று டார்ச் அடித்துப் பார்த்தார். நீண்ட கால்களோடு தொங்கிய ஒன்றைச் சின்னக் குப்பிக்குள் தட்டி மூடினார். அலமாரிக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்றதும், அவன் மனைவி வந்து நகர்த்திக் கொடுத்தாள். சின்ன மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

"கையில என்னம்மா அது?"

அலமாரியை நகர்த்தியவளின் முழங்கைக்குக் கீழே சிவந்த புண். பக்கத்தில் ஆறிப்போன தழும்புகள்.

அவள் வாய் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "அதுவா? எல்லாம் உங்க ஆளுங்க வேலைதான் மேடம்! தூங்கும்போது கடிச்சு வைக்குது. அப்படித்தானே?"

"ஆமா" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

ஆய்வாளர் பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு குப்பியைத் தூக்கிப் பார்த்தார். முகம் இறுகியது.

"சார், இது விளையாட்டில்ல. விஷம் ஏறியிருக்கு. விட்டா கையையே எடுக்க வேண்டி வரும். இப்பவே நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். பக்கத்துல படுக்கிற குழந்தையையும் காட்டிடணும்."

கணவன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அதெல்லாம் எதுக்கு மேடம்? தானா ஆறிடும்."

"எப்படி ஆறும்? கடிச்சது சிலந்தி இல்லைங்கறீங்களா?"

"இல்ல... சிலந்திதான். சிலந்திதான்." செருப்பைத் தேடினான். "அப்ப நானும் வரேன்."

"தாராளமா வாங்க. எப்பக் கடிச்சுது, எப்படிக் கடிச்சுதுன்னு டாக்டர் குடைஞ்சு குடைஞ்சு கேப்பார். பக்கத்துல இருந்தவர் நீங்கதானே, சொல்லலாம்."

"எனக்கு... வேலை கிடக்கு. நீங்களே பார்த்துக்குங்க."

"சரி. ஏம்மா, மாத்துத்துணி எடுத்துக்கோ. உன் அடையாள அட்டை, குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் எடு. ஆஸ்பத்திரியில ஒண்ணு விடாம கேப்பாங்க."

அவள் பேயறைந்தது போலப் பையில் எல்லாவற்றையும் திணித்தாள். கணவன் வாசல்வரை வந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

வண்டி தெருமுனையைத் தாண்டியதும் அவளுக்கு அடக்கமாட்டாமல் அழுகை வந்தது.

"மேடம், திருப்பிடுங்க. உங்களை மாதிரி நல்லவங்களை ஏமாத்த மனசு வரல. டாக்டர் பார்த்தா ஒரு நொடியில தெரிஞ்சிடும். விஷயம் வெளியில போச்சுன்னு தெரிஞ்சா, அவர் என்னை உயிரோட விடமாட்டார்."

ஆய்வாளர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

"இந்த வட்டாரத்துச் சிலந்தி அத்தனையும் எனக்கு அத்துப்படிம்மா, இப்படி வட்டமா சுடற சிலந்தி ஒண்ணுகூடக் கிடையாது. சிகரெட்டுதான் இப்படிக் கடிக்கும்! சொல்லு, புண்ணுக்கு மருந்து போட்டுக்கிட்டு யார் வீட்டுக்குப் போகணும், அம்மா வீட்டுக்கா, அக்கா வீட்டுக்கா?"

"அக்கா வீட்டுக்கு" என்றாள் அவள், போன உயிர் திரும்பி வந்தவளாக.