அளவெடுக்கும் அறை

“கழுத்து மூடின மாதிரி காட்டும்மா. கை மணிக்கட்டு வரைக்கும் வரணும். என் பொண்ணுக்கு அடக்கமா இருந்தாத்தான் அழகு” என்றார் அப்பா.

தையல்காரி மூன்று கல்யாண உடைகளை எடுத்து மேசைமேல் விரித்தாள். அந்தக் கடையில் பதினாறு வருஷமாக மணப்பெண்களுக்கு அளவெடுப்பவள். ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவும் சொல்லுவாள், குணமும் சொல்லுவாள் என்று கடையில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு.

அப்பாவை அவளுக்கு உடனே பிடித்துப்போனது.

“இவளுக்கு நாலு வயசு இருக்கும்போதே இவ அம்மா போயிட்டா. தலை பின்னக்கூட நான்தான் கத்துக்கிட்டேன். முதல் நாள் நான் பின்னிவிட்டதைப் பார்த்து இவ டீச்சரே சிரிச்சிட்டாங்க.”

கடைப்பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண் மட்டும் தலை நிமிராமல் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வேறு ரகம். வந்ததிலிருந்து உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பக் கிடைக்கும்?”

“புதுசா தைக்கணும்னா மூணு வாரம் ஆகும் தம்பி.”

“பத்து நாள்ல கல்யாணம். தைச்சு வெச்சது ஏதாவது கொடுங்க. எதுவானாலும் சரி.”

“கல்யாண டிரஸ்ஸைப் போய் எதுவானாலும் சரின்னு யாராவது சொல்வாங்களா?”

“தேதி தள்ளக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்.”

அப்பா தையல்காரியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஆறு மாசம் போகட்டும்னு நான் எவ்வளவோ சொன்னேன். தம்பி கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு நிக்கிறார்.”

அளவெடுக்கும் அறைக்குள் மணப்பெண்ணை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள் தையல்காரி. பெண்ணுடைய உடையின் பின்பக்க ஜிப்பை இறக்கிய கை பாதியிலேயே நின்றது.

முதுகு முழுக்கக் கோடு கோடாகக் காயங்கள். சில மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்தன. சில ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தன. ஒன்று நேற்று பட்டதுபோல இன்னும் ஈரமாக இருந்தது.

“என்னம்மா இது?”

“மாடிப்படியில விழுந்துட்டேன்.”

“மாடிப்படி பெல்ட் வெச்சிருந்துச்சா?”

அவள் உடையைத் தோள்மேல் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியில் முகம் வெளுத்திருந்தது.

“வெளியில நிக்கிறாரே மாப்பிள்ளை, அவருக்குத் தெரியுமா?”

“அவருக்குத் தெரியும்கா. வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பத்து நாள்தான். கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்.”

கல்யாணம் முடிஞ்சா சரியாயிடும். இதே வார்த்தையை இதே அறையில் மூன்று வருஷத்துக்கு முன்னால் இன்னொரு மணப்பெண்ணும் சொல்லியிருந்தாள். நமக்கெதுக்கு ஊர் வம்பு என்று தையல்காரி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தைத்துக் கொடுத்தாள். ஏழாவது மாதம் அந்தப் பெண்ணின் படம் செய்தித்தாளில் வந்தது.

“ஊசி எடுத்துட்டு வரேன், நீ இதைப் போட்டுப் பாரு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அப்பாவைத் துணி அடுக்குகளுக்குப் பின்னால் கூப்பிட்டுப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்தது.

“அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“எங்கே சொல்றா, விழுந்துட்டேன்னு மூடி மறைக்கிறா. பயப்படுறா, பாவம். தயவுசெஞ்சு உங்க பொண்ணை அந்த ஆளுக்குக் கொடுத்துடாதீங்க.”

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். “நல்லவேளை சொன்னீங்க தங்கச்சி. தாயில்லாப் பொண்ணு. இனிமே நான் பார்த்துக்கறேன்.”

நேராக மாப்பிள்ளையிடம் போனார். குரலை உயர்த்தவே இல்லை. “இந்தக் கல்யாணம் நடக்காது. நீங்க கிளம்பலாம்.”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “மாமா, ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்துட்டு…”

“இன்னொரு வார்த்தை பேசினா போலீஸ்தான். இந்தம்மாதான் சாட்சி.”

தையல்காரி அளவெடுக்கும் அறைக்குப் போகும் வழியை மறித்து நின்று, உள்ளே கேட்டுவிடாமல் பல்லைக் கடித்தபடி சொன்னாள். “ஆம்பளைன்னு சொல்லிக்க வெக்கமா இல்ல? வெளிய போய்யா.”

கடையே திரும்பிப் பார்த்தது. அவன் அந்த அறைக் கதவை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு போனை எடுத்து எண்களை அழுத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினான்.

தையல்காரிக்கு மூன்று வருஷத்துப் பாரம் இறங்கினதுபோல இருந்தது. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

மணப்பெண் வெள்ளை உடையில் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். “இதையே எடுத்துக்கறேன்கா. இப்பவே இதோட கிளம்பிடலாம் போல இருக்கு.”

“இது இனிமே உனக்கு வேண்டாம்மா. அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கல்யாணம் நின்னுபோச்சு. அவனைத் துரத்தியாச்சு. நீ அப்பாவோட நிம்மதியா வீட்டுக்குப் போ.”

மணப்பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிக்கிறவன்மேல் இவ்வளவு ஆசையா என்று தையல்காரிக்கு வருத்தமாக இருந்தது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. “வாம்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்” என்றது அப்பாவின் குரல், கனிவாக.

தையல்காரி தாழ்ப்பாளில் கை வைத்தாள். மணப்பெண் எழுந்து வந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“திறக்காதீங்கக்கா” என்றாள். “அடிச்சது அப்பாதான்.”