அடங்காத பீப்பாய்

இந்தக் காலத்தில் எவனும் தன் நாக்கை நம்புவதில்லை. மீன் வெந்ததா என்று பார்க்கவே ஒரு கருவி வேண்டும். ஹால்வர் வீட்டு நிலவறையில் கிறிஸ்துமஸ் பீருக்கும் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. கோடு போட்ட கண்ணாடி மிதவை. மருமகள் இங்குன் வாங்கி வந்தது.

பீர் இனிப்பாக இருக்கும்வரை மிதவை உயர்ந்து நிற்கும். ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்ன மிதவை இறங்கும். இறக்கம் நின்றால் பீர் தயார். காலையும் மாலையும் இங்குன் வந்து அளந்துகொண்டிருந்தாள்.

எதற்கு என்று ஹால்வருக்குத் தெரியும். கோடையில் மகன் ஸ்டைனாரோடு வாய்ச்சண்டை முற்றி, முதியோர் இல்லத்துக்கே போய்விடுகிறேன் என்று இடம் கேட்டுவிட்டார். இடமும் கிடைத்துவிட்டது. இந்தப் பீப்பாய் பீர் தயாரான அன்றே வருகிறேன் என்று அங்கே வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் கட்டில் அடுத்தவருக்கு. சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவர், யார் கெஞ்சினாலும்.

அன்று வியாழன். இங்குன் உயரமான குவளையில் பீரை ஊற்றி மிதவையை விட்டாள்.

"நேத்தைவிட ரெண்டு கோடு ஏறியிருக்கு, மாமா."

"ஏறுமா? தின்ன இனிப்பை ஈஸ்ட் திரும்பக் கக்கிடுச்சாக்கும்? உன் கண்ணாடிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

இன்னும் நொதிக்கிறது, இப்போது புட்டியில் அடைத்தால் வெடிக்கும் என்றாள் அவள். ஹால்வர் ஒரு கோப்பை மொண்டு குடித்தார். காது மடல் சுட்டது. அவர் காய்ச்சியதில் இவ்வளவு காட்டமான பீர் இதுவரை இல்லை. ஆனாலும் நாக்கில் இனித்தது.

அதில் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா காலத்து ஈஸ்ட், மர வளையத்தில் காயவைத்துக் காப்பாற்றியது, வாரம் திரும்புவதற்குள் வேலையை முடித்துவிடும். கடைச் சோப்புத் தூளைப் போட்டுப் பீப்பாயைக் கழுவி நீதான் அதைக் கெடுத்தாய் என்று கத்தினார்.

"என்னை வெளிய தள்ள உனக்கு அவ்வளவு அவசரம். அதான் காலையும் சாயந்திரமும் வந்து வந்து பாக்குறே."

இங்குன் மிதவையைத் துடைத்தாள்.

"இது முடியாம நான் அசையமாட்டேன். அந்தக் கட்டில்ல எவன் வேணா படுத்துக்கட்டும்."

படியில் நின்ற ஸ்டைனாரை இடித்துக்கொண்டு ஹால்வர் மேலே ஏறினார். கண்ணாடியை நம்புகிறவன் முட்டாள் என்று முணுமுணுத்தபடியே போனார். மேலே கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அதன் பிறகுதான் இங்குன் புருஷனைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"சர்க்கரை தீந்துபோச்சு, இன்னும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வா."