ரோட்டைப் பார்த்த சர்டிபிகேட்

ஆந்திர எல்லையோரப் பாலசமுத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, தகரக் கொட்டகையில் தேசம்மா ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் அவள் மடியில் பொத்தான் பொத்தானாக விழுகிறது. சிறையில் தையல் கற்றவர்கள் வெளியே வந்து பிழைக்கிறார்களா என்று கணக்கெடுக்கத் திருப்பதியிலிருந்து வந்த பவன்குமார் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். “கம்பெனி வேலை கெடைச்சுதாம்மா?” “நாயுடுபேட்டையில சர்டிபிகேட்ல ஜெயில் முத்திரையப் பாத்துட்டு வாணான்ட்டாங்க சார்.” அவன் படிவத்தில் தெலுங்கில் எழுதுகிறான். மிஷின் நிற்கிறது. தலைகீழாகத் தெரியும் எழுத்துகளை அவள் கூட்டிப் படிக்கிறாள்: ‘பயனில்லை.’ “அத்த அடிச்சிடுங்க சார். தெலுங்கு எழுத்தும் உள்ளதான் கத்துக்கினேன்.” “கம்பெனி வேலைதான் கணக்கும்மா.” அவள் பேனாவை வாங்கி, அந்தச் சொல்லின் மேல் கோடிழுத்து, பக்கத்தில் கோணல்மாணலாக எழுதுகிறாள்: ‘கடை எனது.’ அவன் நிமிர்ந்து பார்க்கிறான். அவள் தலைக்கு மேல், கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டில் ஜெயில் முத்திரை வெயில் பட்டுப் பளிச்சிடுகிறது. “இத்தப் போயி ரோட்டப் பாத்து மாட்டிகீறீங்களே?” தேசம்மாவின் கால் மறுபடி மிஷினை மிதிக்கிறது. “படிச்சிட்டுதான் சார் துணி குடுக்கறாங்க.”