படிவத்தில் மட்டும் ஒரு மகள்

வரி அலுவலகக் கடிதத்தைக் கைபேசியில் மூன்றாம் முறையாக வாசித்தபோது குகநேசனுக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே வெஸ்ட்லிக் குடியிருப்பில் ஏப்ரல் மாதத்துப் பனி தூறிக்கொண்டிருந்தது.

‘யதுர்ஷா உங்கள் மகள் அல்ல என்று எங்களுக்குத் தகவல் கிடைத்துள்ளது. பிள்ளைப் பராமரிப்புக்கான வரிக்கழிவைப் பெற்றோரோ, பெற்றோரை முறைப்படி மணந்தவரோ மட்டுமே கோரலாம். மூன்று வாரத்துக்குள் விளக்கம் தரவும்.’

யதுர்ஷா, உதயகுமாரியின் ஏழு வயது மகள். ஆறு வருடமாக மூவரும் ஒரே வீட்டில்தான். கலியாணப் பேச்சை உதயகுமாரி எடுத்தாலே, “மனசு ஒத்துப்போனால் காணாதோ? பேப்பரில என்ன கிடக்கு?” என்று வாயை அடைத்துவிடுவான். விசேஷ வீடுகளில் அவளைத் ‘தெரிஞ்ச ஆள்’ என்றே அறிமுகப்படுத்துவான். அவள் முகம் சுண்டிப்போகும். அதைக் காணாதவன்போல் பந்திக்கு நடப்பான்.

வரிப் படிவத்தில் மட்டும் யதுர்ஷா இரண்டு வருடமாக அவனுடைய சொந்த மகள். பராமரிப்புக் கட்டணம் கட்டியது உதயகுமாரி. கழிவை எடுத்தது அவன்.

“ஆர் காட்டிக்குடுத்தது?” பல்லைக் கடித்தான். “கீழ்வீட்டு ஜெகதீஸ்வரன்தான். போன மாசமும் லிஃப்டில ‘எப்ப கலியாணச் சாப்பாடு?’ எண்டு கேட்டவன். எரிச்சல் பிடிச்ச மனுசன்!”

“எனக்குப் பயமாக் கிடக்கு.” உதயகுமாரி தேத்தண்ணிக் கோப்பையை அவன் முன்னால் வைத்தாள். “விசயம் பொலிசுக்குப் போனால் உங்கட வேலை?”

அவனுக்கும் அதே பயந்தான். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் அவன் காவலாளி. கள்வரைப் பிடிக்கிறவன் பேரில் குற்றப்பதிவு விழுந்தால், சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

“என்ன விளக்கம் குடுக்கப் போறியள்?” என்று மெல்லக் கேட்டாள்.

குகநேசன் யோசித்தான். எடுத்த காசைத் திருப்பிக் கட்டி, ‘கலியாணம் செய்யவிருக்கிறோம், முந்திவிட்டேன், மன்னிக்கவும்’ என்று எழுதினால் இரங்கமாட்டார்களா? அதோடு பிள்ளைக்குப் பதினொரு வயதாகும்வரை கழிவு எடுக்கலாம்; யதுர்ஷாவுக்கு இன்னும் நாலு வருடம் மிச்சம் இருக்கிறது. தாலிக்குச் செலவானாலும் நட்டமில்லை. அவன் முகம் தெளிந்தது.

“உதயா, நாளைக்கே கலியாண எழுத்துக்கு விண்ணப்பிப்பம். பிறகு கோயில்ல தாலி கட்டுவம்.”

உதயகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. “உண்மையாவோ?”

“சத்தியமா. ஆனா ஒண்டு. எங்களைக் காட்டிக்குடுத்த நாய்க்கு மட்டும் கலியாண வீட்டில இடமில்லை!”

“ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ!” என்றாள் அவசரமாக.

“உனக்கு எப்பவும் இளகின மனசு” என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

குளியலறைக் கதவு சாத்தப்பட்டதும் உதயகுமாரி தன் கைபேசியை எடுத்து, ‘தகவல் தந்தமைக்கு நன்றி, உங்கள் பெயர் வெளியே போகாது’ என்று வரி அலுவலகம் தனக்கு அனுப்பியிருந்த செய்தியை அழித்தாள்.