கை நனைக்காத வீடு

"மாப்பிள்ளை விருந்தாம்! லெந்து விரத நாள்ல ஒருத்தனைக் கறி விருந்துக்குக் கூப்புடறான்னா, வேணும்னே செய்யறான்னுதான அர்த்தம்?"

தேவநேசன் வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பக்கத்துக் காட்டுச் சென்றாயன் நேற்று சாயங்காலம் வந்து அழைத்துவிட்டுப் போனதிலிருந்து இதே நடைதான்.

"அந்த மனுசன் கையெடுத்துக் கும்புட்டாருங்க" என்றாள் மனைவி தமிழ்ச்செல்வி. "'அன்னைக்கு நாஞ்செஞ்சது தப்புங்க, மனசுல வெச்சுக்காதீங்க'ன்னாரே, காதுல உழுகலீங்களா?"

விழுந்தது. அதுதான் அவரை உட்கார விடவில்லை.

பதினோரு வருசத்துக்கு முன்னால், வரப்புத் தகராறில் சென்றாயன் வண்டித்தடத்தை முள் போட்டு அடைத்தான். மறுநாள் தேவநேசனின் அப்பா இறந்துபோனார். அப்போதும் முள்ளை எடுக்கவில்லை. சவப்பெட்டி ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

இன்றைக்கு அந்த வீட்டில் கை நனைத்தால், ஒரே ஒரு வாய் சாப்பிட்டால்கூடப் போதும், பகை தீர்ந்தது என்று ஊர் எடுத்துக்கொள்ளும்.

"நாப்பது நாளு கறி தொடறதில்லைன்னு கர்த்தருக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். அதை மீறச் சொல்றயா?"

"மோருஞ்சோறும் தின்னுட்டு வாங்க."

"கறி வெந்த ஊட்ல மோருஞ்சோறா? அது அவங்களுக்கில்ல அவமானம்!"

"அடேங்கப்பா, அவங்க மானத்து மேல எத்தனை அக்கறை! போன வருசம் இதே லெந்து நாள்ல உங்க தங்கச்சி கோழிக் கொழம்பு ஊத்தறப்ப, 'பாவம், ஆசையாச் செஞ்சுட்டா'ன்னு தின்னீங்களே, அது எதுல சேத்தி?"

அவர் கொடியில் கிடந்த துண்டை உருவினார்.

"டீயை வுட்டீங்க, கறியை வுட்டீங்க. நெஞ்சுக்குள்ள கெடக்கறதை மட்டும் வுட மனசு வரமாட்டீங்குது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகாமல் இருந்தால்தானே குற்றம்? பந்தல் வாசலிலேயே விரதத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். யாரும் குறை சொல்ல முடியாது. கர்த்தர்கூட.

இப்படி நினைத்ததும் நடை லேசாயிற்று. ஏன் லேசாயிற்று என்று யோசித்ததும் மறுபடி கனத்தது.

பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் கை கழுவத் தண்ணீர்ச் சொம்போடு சென்றாயன் ஓடி வந்தான்.

"வாங்கண்ணா, வாங்க! எலை போட்டிருக்குதுங்க."

"லெந்து நாளுங்க. கறி தொடறதில்லை." நாலு பேர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்."

சென்றாயன் வாய் திறப்பதற்குள், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா முந்திக்கொண்டார்.

"ஓ, அந்த விரதக்காரரு நீங்கதானுங்களா? இங்க கறி எங்கீங்க இருக்குது? மாப்பிள்ளை விருந்துன்னு ஆட்டையாம்பட்டில இருந்து வேன் புடிச்சு வந்து, கத்திரிக்காச் சாம்பாரைத் தின்னுட்டு உக்காந்திருக்கறோம். கேட்டா, 'பக்கத்துக் காட்டு அண்ணன் விரதமுங்க, அவரு இன்னைக்கு நம்மூட்ல கை நனைக்கோணும்'ங்கறாரு சம்பந்தி!"

பந்தி சிரித்தது. சென்றாயன் தலை நிமிரவில்லை. சொம்பு மட்டும் நீட்டியபடியே இருந்தது.

முப்பத்து மூன்று நாளாகக் கறியை விட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தேவநேசனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கையை நீட்டினார்.