கிழக்குக் கரை

மணல் குவாரிக்கு இன்னும் ஐந்து வருடம் அனுமதியை நீட்டிக்கலாமா என்று கருத்துக் கேட்க, போன வாரம்தான் மாற்றலாகி வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். தெருவே எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆதரித்து வந்தது ஒரே ஒரு மனு. அதைக் கொடுத்தவள் எதிரே நின்றாள்.

“குவாரியை ஒட்டித்தானே உங்க வீடு? தூசி வரலையாம்மா?”

“சாப்பாட்டுல மணல் நறநறன்னு கடிபடுது சார். மாமியாருக்கு ஓயாத இருமல்.”

“அப்புறம் ஏன்? குவாரி ஆளுங்க மிரட்டினாங்களா?”

“இல்ல சார். குவாரியை மூடிட்டா அந்தக் குழியை என்ன செய்வீங்க?”

“மண்ணைக் கொட்டி நிரப்பி மரம் நடுவோம். உங்களுக்கும் நிழல்தானே?”

அவள் மேஜையில் விரித்திருந்த வரைபடத்தில் விரலை வைத்தாள். “நீட்டிச்சா, இந்தக் கிழக்குக் கரையை எப்ப வெட்டுவாங்க?”

“மூணாவது வருஷம். ஏம்மா?”

“போன மழையில அந்தக் கரை சரிஞ்சு, பொக்லைனோட என் வீட்டுக்காரர் உள்ள போயிட்டார் சார். ஒன்பது நாள் தேடிட்டு, இதுக்கு மேல தோண்டினா ஆபத்துன்னு விட்டுட்டாங்க. மூணு வருஷம் ஆனாலும் நான் காத்திருக்கேன். அவர் மேல மரம் மட்டும் நட்டுடாதீங்க.”