ரோமில் இரண்டு நாள்

"இப்ப எங்க நிக்கிறியள்?" என்று போனில் கேட்டாள் பாரிஸ் மச்சாள் பெனிற்றா.

"வத்திக்கான் வாசலில, மச்சாள். சரியான சனம்," என்றான் கிருசாந்தன். பக்கத்தில் மனைவி ஏஞ்சலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நாங்கள் லண்டனுக்கு வாற நேரம் பார்த்துத்தான் நீங்கள் ரோம் பார்க்கப் போகோணுமோ?"

"ரிக்கெற் முதலே போட்டாச்சு மச்சாள்."

"சரி, எங்களுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."

போனை வைத்ததும் ஏஞ்சலா, லண்டன் மனோர் பார்க்கில் உள்ள தங்கள் வீட்டு மேல் அறையின் திரைச்சீலையை இன்னும் இறுக்கி இழுத்துவிட்டாள்.

"லைற்றைப் போடாதேங்கோ. வாற ஆறு பேருக்கும் சமைச்சுப் போட என்னால ஏலாது."

கீழே பூட்டில் சாவி திரும்பி வாசற்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆரிட்ட எங்கட திறப்பு இருக்கு?" கிருசாந்தன் கிசுகிசுத்தான்.

ஏஞ்சலாவின் முகம் வெளிறியது. "ரோம் கதையை ஆக்கள் நம்போணுமெண்டு, கறிவேப்பிலைக் கண்டுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிப் பக்கத்து வீட்டு அருள்நாயகி மாமியிட்டக் குடுத்தனான்."

"உள்ள வா பெனிற்றா," என்றது மாமியின் குரல். "வீடு சும்மாதானே கிடக்குது. ஹோட்டலுக்கு ஏன் காசைக் கொட்டுவான்?"

"ஓம் மாமி. இப்பத்தான் கேட்டனான், வத்திக்கான் வாசலில நிக்கினமாம். பிள்ளையள், மேல் அறையில பெரிய கட்டில் இருக்கு, ஓடுங்கோ."

படிக்கட்டு தடதடத்தது. ரோமுக்குப் போன இருவரும் கட்டிலுக்கடியில் புகுந்தார்கள்.